கரண்ட் இல்லாமல் குஞ்சு பொரிக்கும் வெந்நீர்ப் பெட்டி

கேரளத்தின் இடுக்கி மலையில், மறையூருக்கும் காந்தளூருக்கும் நடுவில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ஆனி, ஆடிக் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அவர்கள் பக்கம் இரண்டு மூன்று நாள்கூடக் கரண்ட் வருவதில்லை. கடையில் வாங்கிய இன்குபேட்டரில் வைத்த முட்டைகள் பாதி வளர்ச்சியில் செத்துப் போகின்றன. நாட்டுக்கோழி முட்டை ஒரு 40 வைக்கிற மாதிரி, கரண்டே தேவைப்படாத பெட்டியை வீட்டிலேயே செய்ய முடியுமா, மண்ணெண்ணெய் விளக்கு நல்லதா, சாணக் குவியலின் சூடு போதுமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும் தம்பி. விளக்கும் வேண்டாம், சாணமும் வேண்டாம். வெந்நீர் போதும். ஒரு நாளைக்கு 8 லிட்டர் கொதிநீர், நான்கு வேளையாகப் பிரித்து. விறகடுப்பு எரியும் எந்த வீட்டிலும் இது நடக்கக்கூடிய காரியம்.

ஏன் வெந்நீர் என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கோழிக் கரு வளர முட்டைக்குள் 37.5 முதல் 37.8 டிகிரி வரை வெப்பம் வேண்டும், 21 நாள். இதைப் பெரும்பாலானோர் சூடு உண்டாக்குகிற வேலையாகப் பார்க்கிறார்கள். கணக்குப் போட்டால் தேவைப்படும் சூடு மிகக் கொஞ்சம். உள்ளே 60 செ.மீ நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள ஒரு பெட்டிக்கு 5 செ.மீ கனத் தெர்மாகோலுக்குச் சமமான காப்பு இருந்தால், வெளியே 20 டிகிரி குளிரில் அது இழக்கும் வெப்பம், காற்றுத் துளைகள் வழியாகப் போவதையும் சேர்த்து, 20 வாட் வாக்கில்தான். அதைக் கொடுப்பது கஷ்டமே இல்லை. இரவும் பகலும் ஒரே சீராகக் கொடுப்பதுதான் கஷ்டம். மின்சாரப் பெட்டியில் தெர்மோஸ்டாட் அந்த வேலையைச் செய்கிறது. நமக்கு அது கிடையாது. ஆகவே தானாகவே மெதுவாக மாறுகிற பொருள் ஒன்று நமக்கு வேண்டும்.

தண்ணீர் அப்படிப்பட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஆறுவதற்குள் 4.2 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. 32 லிட்டர் தண்ணீரை முட்டைகளுக்கு மேலே ஒரு தொட்டியில் வைத்தால், அந்தப் பெட்டிக்குள் அது ஒரு மணி நேரத்துக்கு அரை டிகிரிதான் இறங்கும். ஆறு மணி நேரத்தில் 3 டிகிரி. அந்த 3 டிகிரியைத் திரும்ப ஏற்ற, தொட்டியிலிருந்து 2 லிட்டர் எடுத்துவிட்டு 2 லிட்டர் கொதிநீர் ஊற்றினால் சரியாகிவிடும். மேலே சொன்ன 8 லிட்டர் இந்தக் கணக்கில் வந்ததுதான். இரவில் அசந்து தூங்கி ஒரு வேளை ஊற்ற இரண்டு மணி நேரம் தாமதமானாலும் கூடுதலாக ஒரு டிகிரிதான் குறையும். கரு அதைத் தாங்கும். அடைக்கோழியே தீனிக்கும் தண்ணீருக்கும் எழுந்து போய்க் கால் மணி, அரை மணி கழித்துத்தானே வருகிறது.

விளக்கை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், முதல் காரணம் புகை. திரி எரியும் வாயு முட்டை இருக்கும் அறைக்குள் போனால் கரு செத்துவிடும். விளக்கை வெளியே வைத்து, சூட்டை மட்டும் தகரக் குழாய் வழியாக உள்ளே கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, சுடர் ஒரே அளவாக எரிந்தாலும் வெளிக்குளிர் ஒரே அளவாக இருப்பதில்லை. மாலையில் சரியாக வைத்த திரி விடிகாலையில் போதாது, நடுப்பகலில் அதிகம். 1880-களில் லண்டனில் ஹியர்சன் என்பவர் செய்த பெட்டிகளில் ஈதர் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவம் அடைத்த மெல்லிய உலோக வில்லை இருந்தது. சூடு ஏறினால் வில்லை உப்பும். உப்பினால் ஒரு நெம்புகோல் வழியாக விளக்குப் புகைபோக்கியின் மூடி தூக்கி, மிச்சச் சூடு வெளியே போகும். அந்த வில்லை இருந்ததால்தான் விளக்குப் பெட்டி நன்றாக வேலை செய்தது. அது இல்லாமல் வெறும் விளக்கை நம்பினால் 21 நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, தெர்மாகோலும் சுடரும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. ஆளில்லாத நேரம் பற்றிக்கொண்டால் கோழிக்கூட்டோடு வீடும் போகும். ரேஷனில் மண்ணெண்ணெய் முன்போலக் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாணக் குவியல் விஷயம் பழையது. எகிப்தியர்கள் மண்ணால் அடுப்பறை கட்டி, மேல்தளத்தில் சாணமும் வைக்கோலும் கனலவிட்டு, கீழ்த்தளத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவார்களாம். தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பக்குவம் அது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் நொதிக்கும் எருவுக்குள் பீப்பாயைப் புதைத்து, அதற்குள் முட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். எருக்குவியலின் நடுவில் 60 டிகிரிகூட வரும். ஆனால் இன்று 60, நாலு நாளில் 45, மழை இறங்கினால் 30. அம்மோனியா நெடி வேறு. உங்கள் ஊர்ச் சாரலில் அது சரிப்படாது.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது, வங்கதேசத்தில் வாத்து வளர்க்கும் கிராமங்களில் செய்வது. மூங்கில் பாயைச் சுருட்டி உருளையாக நிறுத்தி, சுற்றிலும் நெல் உமியை அடைத்து, முட்டைகளைத் துணியில் மூட்டையாகக் கட்டி உள்ளே அடுக்குகிறார்கள். தொடக்கத்தில் மட்டும் வெயிலிலோ அரிக்கேன் விளக்கிலோ சூடேற்றுகிறார்கள். பாதி நாள் தாண்டிய முட்டையில் கரு தானே சூடு விடத் தொடங்கிவிடும். அந்த மூத்த மூட்டைகளுக்கு நடுவில் புது மூட்டைகளை வைத்தால் மூத்தது இளையதைச் சூடாக்கும். நூற்றுக்கணக்கில் முட்டையும், வாரம் தவறாமல் புது முட்டை வரத்தும் இருந்தால் இதைவிடச் சிறந்த முறை இல்லை. 40 முட்டைக்கு அது எடுபடாது. ஆனால் அதிலிருந்து இரண்டு விஷயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்: உமிக் காப்பு, அப்புறம் முட்டையின் சொந்தச் சூடு. கடைசி நாட்களில் ஒரு முட்டை 0.1 வாட்டுக்குச் சற்று மேலாகவே சூடு விடும். 40 முட்டை என்றால் உங்களுக்கு வேண்டிய 20 வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு முட்டையிலிருந்தே வந்துவிடுகிறது. மூன்றாவது வாரம் நீங்கள் ஊற்றும் கொதிநீரைக் குறைக்க வேண்டியிருக்கும். பழக்கத்தில் அதே அளவு ஊற்றினால் சூடு ஏறி, நன்றாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே சாகும்.

சோலார் தட்டும் பேட்டரியும் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 20, 25 வாட் நாள் முழுக்க ஓட 500, 600 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் 100 ஆம்பியர் பேட்டரியைப் பாதிவரை இறக்கினால் ஒரு நாள்தான் வரும். மூன்று நாள் மூடாப்பு போட்டால் அதுவும் நின்றுவிடும். மெழுகை உருக்கி வைப்பது பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 37 டிகிரியில் உருகும் தனி மெழுகு உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கான எம்பிரேஸ் கதகதப்புப் பையில் அந்த மாதிரிப் பொருள்தான் இருக்கிறது. கடையில் விற்கும் மெழுகுவத்தி 55 டிகிரிக்கு மேல்தான் உருகும், நமக்கு உதவாது.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

மீன்கடைகளுக்கு ஐஸ் போட்டு வரும் பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்குங்கள். உடுமலையில் கேட்டால் கிடைக்கும். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மீன் வாடை போகும்வரை வெயிலில் வைக்க வேண்டும். இதன் சுவர் 2, 3 செ.மீ கனம்தான் இருக்கும், போதாது. எனவே பழைய பலகைகளால் இதைவிடப் பெரிய வெளிப்பெட்டி ஒன்று அடித்து, இரண்டுக்கும் நடுவில், அடியிலும் சேர்த்து, 8 செ.மீ அளவுக்கு உமியை அமுக்கி நிரப்புங்கள். உமிக்கு அரிசி ஆலையைத்தான் கேட்க வேண்டும். பாலக்காட்டில் எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, உங்களுக்கு உடுமலை வழியாக வர வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் கரும்புச் சக்கை கிடக்கிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள். இனிப்புக்கு எறும்பு வரும். ஓடு கொத்திய முட்டைக்குள் எறும்பு புகுந்தால் குஞ்சு தப்பாது. உமி அடைத்தாலும் பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நல்லது.

தொட்டிக்கு ஹோட்டல்களில் காலியாகும் 15 கிலோ எண்ணெய் டின் இரண்டு போதும். படுக்கவைத்து ஒட்டி வைத்தால் ஏறக்குறைய 46 செ.மீக்கு 35 செ.மீ பரப்பு வரும், இரண்டும் சேர்ந்து 32 லிட்டர் பிடிக்கும். சோடா உப்புப் போட்ட வெந்நீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு, தகர வேலை செய்பவரிடம் கொடுங்கள். பழைய வாயை ஈயம் வைத்து அடைக்க வேண்டும். ஒவ்வொரு டின்னுக்கும் மேல்பக்கம் ஊற்று குழாய் ஒன்று, முன்பக்கத்தில் அடியோரமாகத் திருகு குழாய் ஒன்று. ஊற்று குழாய் டின்னுக்குள் இறங்கி, அடித்தளத்துக்கு இரண்டு விரல் மேலே முடிய வேண்டும். இதைக் கட்டாயம் சொல்லிச் செய்யுங்கள். சுடுநீர் லேசானது, மேலேயே நிற்கும். குழாய் குட்டையாக இருந்தால் நீங்கள் ஊற்றும் கொதிநீர் மேல்மட்டத்திலேயே தங்கி, முட்டையைப் பார்த்திருக்கும் அடித்தகரம் ஆறியே கிடக்கும். அடியில் விட்டால் அது மேலே ஏறும்போது எல்லாம் கலந்துவிடும். ஊற்று வாயை இறுக்கி மூடக் கூடாது, துணித் திரி செருகினால் போதும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.

32 கிலோ எடையைத் தெர்மாகோல் சுவர் தாங்காது. உள்ளே தரையில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் நான்கு மரக்கால் நிறுத்திச் சட்டம் அடித்து, அந்தச் சட்டத்தில் டின்களை உட்கார வையுங்கள். டின்னுக்குக் கீழே முட்டைத் தட்டு. பெட்டியின் முன்பக்கம் கீழ்ப்பகுதியை அறுத்து, தட்டை மேசை இழுப்பறை மாதிரி வெளியே இழுக்கும்படி செய்துகொண்டால் முட்டை திருப்பும்போது பெட்டியின் சூடு அவ்வளவாகப் போகாது. தட்டு என்பது மரச்சட்டத்தில் அடித்த கம்பி வலை, அதன்மேல் ஒரு பருத்தித் துணி. 40, 45 முட்டை தாராளமாகப் படுக்கும். தட்டுக்குக் கீழே அகலமான தண்ணீர்த் தட்டம் ஒன்று. பக்கச் சுவர்களில் கீழே நான்கு, மேலே நான்கு என்று விரல் கனத் துளைகள் போடுங்கள். முதல் வாரம் பாதித் துளைகளைப் பஞ்சால் அடைத்து வைக்கலாம். கரு வளர வளரக் காற்று அதிகம் கேட்கும், அப்போது ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். கடைசி வாரம் எல்லாம் திறந்திருக்கட்டும்.

முட்டையின் மேல்முதுகுக்கும் டின்னின் அடிக்கும் நடுவில் 4, 5 செ.மீ இடைவெளி இருக்கட்டும். காற்றாடி இல்லாத பெட்டியில் மேலே சூடு அதிகம், கீழே குறைவு. ஆகையால் முட்டையின் மேல்முதுகு மட்டத்தில் 38.5 முதல் 39 டிகிரி காட்டினால்தான் முட்டையின் நடுவில் 37.5 இருக்கும். தொட்டித் தண்ணீர் 44 முதல் 47 டிகிரிக்குள் ஏறி இறங்கும்போது இந்த அளவு வர வேண்டும். அதிகமாகக் காட்டினால் டின்னுக்கு அடியில் சாக்கை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று கொடுங்கள். குறைவாகக் காட்டினால் தட்டுக்கு அடியில் ரீப்பர் வைத்து உயர்த்துங்கள். முதல் நிரப்புக்கு ஐந்தில் இரண்டு பங்கு கொதிநீரும் மூன்று பங்கு பச்சைத் தண்ணீரும் கலந்தால் 50 டிகிரிக்குப் பக்கம் வரும். அது பெட்டியையும் சூடாக்கிக்கொண்டு கீழே இறங்கும். முட்டை வைக்காமலே இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். உங்கள் அடுப்பு, உங்கள் வீட்டுக் குளிர், உங்கள் கையளவு எல்லாம் அந்த நாட்களில் பிடிபட்டுவிடும். மார்கழியில் காந்தளூர் இரவு 10 டிகிரிக்குப் பக்கம் போகும்போது கொதிநீர் ஒன்றரை மடங்கு தேவைப்படும், அல்லது பெட்டியைச் சமையலறையில் வைத்துக் கம்பளி போர்த்த வேண்டும்.

இந்தப் பெட்டியில் நீங்கள் மனசாரப் பணம் செலவழிக்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான், வெப்பமானி. அரை டிகிரி தப்பாகக் காட்டினால்கூட 21 நாள் வேலை சரிந்துவிடும். பேட்டரியில் ஓடும் சின்ன டிஜிட்டல் மானி வாங்கலாம், வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும். ஆனால் வாங்கியதை அப்படியே நம்ப வேண்டாம். மருந்துக்கடையில் விற்கும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நமக்கு வேண்டிய 37, 38 டிகிரியில்தான் மிகச் சரியாக இருக்கும். ஒரு சொம்பில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர் எடுத்து, தெர்மாமீட்டரையும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய மானியின் முனையையும் சேர்த்து விட்டுப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ அதை மானியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஈரப்பதத்தைச் சரிபார்க்க, ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைச் சேறாகக் குழைத்து, மானியோடு சேர்த்து டப்பாவில் இறுக்கி மூடி ஒரு இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும்.

ஈரப்பதத்தில்தான் மலைக்காரர்கள் ஏமாறுவார்கள். வெளியே சாரல் அடித்துக்கொண்டே இருக்கிறது, சுவரெல்லாம் ஓதம், பெட்டிக்குள் தண்ணீர் எதற்கு என்று தோன்றும். 20 டிகிரியில் 90 சதவீதம் ஈரம் உள்ள காற்று பெட்டிக்குள் வந்து 37.5 டிகிரிக்குச் சூடானால் அதே காற்றின் ஈரப்பதம் 33 சதவீதமாகிவிடுகிறது. ஈரம் எங்கும் போகவில்லை. சூடான காற்று இன்னும் நிறைய ஈரத்தைத் தாங்கக்கூடியதாகிவிட்டது, அவ்வளவுதான். எங்கள் பாலக்காட்டுக் கணவாயின் பங்குனி வெயிலில் 35 டிகிரியும் 30 சதவீத ஈரமும் உள்ள காற்றைச் சூடாக்கினால் 26 சதவீதம் வரும். அடைமழைக்கும் வறண்ட காற்றுக்கும் பெட்டிக்குள் இவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே தண்ணீர்த் தட்டம் எந்தக் காலத்திலும் வேண்டும். முதல் 18 நாளும் 50, 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. கூட்ட வேண்டுமென்றால் தட்டத்தில் ஈரத்துணியை நிமிர்த்தி வையுங்கள், ஆவியாகும் பரப்பு பெருகும். தட்டத்தின் ஆழம் கூடினால் ஒன்றும் ஆகாது.

மானியைவிட நான் நம்புவது தராசை. முட்டை 18 நாளில் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் இழக்க வேண்டும், நீர் ஆவியாகப் போவதால். நாட்டுக்கோழி முட்டை 45 கிராம் என்றால் 40 முட்டை 1,800 கிராம். தட்டோடு சேர்த்து நிறுத்து எழுதி வைத்தால், ஒரு நாளைக்கு 12 கிராம் வாக்கில் குறைந்துவர வேண்டும். அதிகம் குறைந்தால் தட்டத்தில் துணி சேருங்கள். குறையவே இல்லையென்றால் துணியை எடுங்கள், துளையைத் திறங்கள். எடை சரியாக இறங்காத முட்டையில் காற்றறை சிறுத்துப் போய், முழுதாக வளர்ந்த குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். முட்டை உடைத்துப் பார்க்கும்போது மனசைக் கலக்கும் காட்சி அது, தராசு ஒன்று இருந்தால் தவிர்த்துவிடலாம்.

முட்டை சேர்ப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கட்டும். ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டை, கீறல் இல்லாதது, கழுவாதது, கூர்முனை கீழே பார்க்கச் சேமித்தது. உங்கள் ஊர்க் குளிர் இதற்கு வரம். 15 முதல் 18 டிகிரி உள்ள மூலையில் வைத்தால் போதும். மலைக்குக் கீழே உள்ள கீழ்நாட்டில் சித்திரை மாதம் முட்டை வைத்த இடத்திலேயே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும். நாங்கள் ஈரமணலில் பானை வைத்து அதற்குள் சேமிக்கிறோம். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக ஜீப்பில் முட்டை கொண்டுவந்தால் அன்றே வைக்காதீர்கள். ஒரு நாள் கூர்முனை கீழாக அசையாமல் வைத்து, பிறகு வையுங்கள்.

தினசரி வேலை இப்படி இருக்கும். காலை 5 மணி, பகல் 11, மாலை 5, இரவு 11. ஒவ்வொரு முறையும் முதலில் மானியைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு லிட்டர் பிடித்துவிட்டு, ஒரு லிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். பிடித்த தண்ணீர் 44 டிகிரி வாக்கில் இருக்கும், அதையே மறுபடி கொதிக்க வைத்தால் விறகு மிச்சம். மறையூரில் கரும்பு வெட்டிச் சர்க்கரை காய்ச்சும் நாட்களில் பக்கத்து ஆலை அடுப்பில் ஒரு குண்டா தண்ணீர் வைத்துக்கொள்ள யாரும் மறுக்கப் போவதில்லை. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டு, இந்த நான்கு வேளையோடு நடுவில் ஒரு தடவையும் சேர்த்து, ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படையாகத் திருப்பினால் நீண்ட இரவில் ஒரே பக்கம் தொடர்ந்து மேலாக வராது. ஓரத்து முட்டைகளை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றுங்கள், இரண்டு டின்னுக்கு வெளியே நீட்டும் விளிம்பு எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும்.

நோட்டில் 37.5 என்றும் 39.5 என்றும் மாறி மாறி வந்தால் கவலைப்பட வேண்டாம். கருவுக்கு முக்கியம் சராசரி. குளிர்ந்தால் குஞ்சு ஒரு நாள், ஒன்றரை நாள் தாமதமாக வரும். சூடுதான் எமன். 40-ஐத் தாண்டியதைப் பார்த்தால் உடனே தட்டை வெளியே இழுத்துவிட்டு, டின்னிலிருந்து இரண்டு லிட்டர் இறக்கிப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இத்தனையும் சொன்னாலும் நாட்டுக்கோழி வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது வேறொன்று. முதல் பத்து நாளைக் கோழியிடம் விடுங்கள். சூட்டில் சிறு பிசகையும் பொறுக்காத நாட்கள் தொடக்க நாட்கள்தான், முட்டைக்குச் சொந்தச் சூடு இல்லாத நாட்களும் அவையே. சிறுவிடை என்ற நாட்டு ரகக் கோழிகள் அடைக்குப் பேர்போனவை. ஒரே நேரத்தில் அடைக்கு உட்காரும் மூன்று நான்கு கோழிகளுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வீதம் வைத்து, பத்தாம் நாள் இரவில் அவற்றையெல்லாம் எடுத்துப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். கோழிகளுக்கு அடியில் புது முட்டை வைக்கலாம். அப்படி ஒரு சுற்றுதான் கூடுதலாகத் தரலாம். அடைக்கோழி சரியாகத் தின்னாமல் மெலிந்துகொண்டே வரும், அதற்கு மேல் உட்கார வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. பெட்டிக்கு வரும் முட்டைகள் அப்போது தானே கொஞ்சம் சூடு விடும் நிலையில் இருப்பதால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். கோழியும் பெட்டியும் சேர்ந்தால் வருவது தனிப் பெட்டியில் வராது. பெட்டியை மட்டும் நம்பினால், கருக்கூடிய முட்டைகளில் பாதிக்கு மேல் பொரிந்தால் முதல் சுற்றுக்கு அது நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் இரவில் போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். சிலந்திக்கால் மாதிரிச் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாக மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. அப்படி நிறைய வந்தால் முதல் வாரச் சூடு ஆடியிருக்கிறது, அல்லது முட்டை குலுங்கி வந்திருக்கிறது. செத்ததை உள்ளே விட்டால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். 14-ஆம் நாள் இன்னொரு முறை பார்த்தால் போதும்.

18-ஆம் நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்துங்கள். வலை மேல் துணியை மாற்றிச் சொரசொரப்பான சாக்கு விரியுங்கள். வழுக்கும் தாளில் குஞ்சுக்குக் கால் விரிந்துவிடும். தட்டத்தில் துணி சேர்த்து ஈரத்தைக் கூட்டுங்கள். 20-ஆம் நாள் உள்ளே கீச்சுச் சத்தம் கேட்கும், அப்புறம் ஓட்டில் ஒரு பொட்டு விழும். அந்தப் பொட்டு விழுந்ததிலிருந்து குஞ்சு வெளியே வர 12 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் குஞ்சு நின்று நின்றுதான் கொத்தும். மஞ்சள் கருவின் மிச்சத்தையும் நரம்புகளில் உள்ள ரத்தத்தையும் உள்ளுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். பாவம் என்று ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் கசிந்து செத்துவிடும். தட்டை அடிக்கடி இழுத்தால் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் வந்தது பசித்திருக்குமே என்ற கவலையும் வேண்டாம், உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். உடல் காய்ந்து பஞ்சுபோல் ஆனபிறகு மொத்தமாக எடுங்கள்.

அடைக்கோழி இருந்தால் இரவில் அதன் வயிற்றுக்கடியில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைச் செருகிவிடுங்கள், காலையில் தன் குஞ்சாகவே கூட்டிக்கொண்டு போகும். மீதமுள்ளவற்றுக்கு அந்தப் பெட்டியே போதும். முட்டைத் தட்டையும் தண்ணீர்த் தட்டத்தையும் எடுத்துவிட்டு, தரையில் உமியும் சாக்கும் விரித்து, டின்னின் அடியிலிருந்து பழைய போர்வைத் துணியைக் கீற்றுக் கீற்றாகத் தொங்கவிடுங்கள். குளிர்ந்தால் குஞ்சுகள் தாமாகவே உள்ளே போய் ஒண்டிக்கொள்ளும், சூடு போதுமென்றால் முன்வாசல் வழியே வெளியே வந்து தீனி கொத்தும். முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் கொதிநீரைக் குறைத்து வாருங்கள். கீழ்நாட்டில் நான்காவது வாரத்தில் தொட்டியே தேவைப்படாது, காந்தளூர்க் குளிரில் இரவுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் ஊற்ற வேண்டியிருக்கும். அதன்பிறகு டின்களைக் கவிழ்த்துத் தண்ணீரை முழுக்க வடித்து வெயிலில் காயவைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சுற்றுக்குள் துரு ஓட்டை போட்டுவிடும்.